பெண் வீட்டுத் தட்டு

பிஸ்கட்டைப் பிஸ்கட் என்று சொன்னதற்காக இந்த ஊரில் நான் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல உட்கார்ந்தால் விடிந்துவிடும். கடைசியாகப் பட்டதை மட்டும் சொல்கிறேன். அது என் மகள் டாம்சினின் கல்யாணத்தில் நடந்தது.

என் பெயர் லோர்னா. இங்கிலாந்தில் போல்ட்டன்காரி. கென் என்ற அமெரிக்கனைக் கட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க் பக்கம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கென் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். டாம்சின் ஒரே பெண். மருந்துக்கடையில் எனக்கு வேலை. அங்கே வாயில் நுழையாத பெயர்கள் ஆயிரம் இருக்கின்றன. அதில் ஒன்றுகூட என்னைத் தொந்தரவு செய்ததில்லை. என் அடுப்பில் வெந்தவற்றின் பெயர்கள்தான் என் உயிரை எடுக்கின்றன.

நாங்கள் பிஸ்கட் என்பதை இவர்கள் குக்கீ என்கிறார்கள். சரி, தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் பிஸ்கட் என்ற பெயரையும் சும்மா விடவில்லை. டீயோடு நாங்கள் தின்னும் ஸ்கோன் என்ற இனிப்புப் பன்னுக்குச் சர்க்கரை போட மறந்துவிட்ட மாதிரி ஒரு பன் இருக்கிறது, அதற்கு வைத்துவிட்டார்கள். காலையில் அதன் தலையில் இறைச்சிக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். ஓட்ஸை வெண்ணெயிலும் பாகிலும் கிளறி, தட்டில் சுட்டு, வில்லை போட்டால் எங்களுக்கு அது ஃப்ளாப்ஜாக். இவர்களுக்கு ஃப்ளாப்ஜாக் என்றால் கல்லில் ஊற்றும் பான்கேக். ஒரே பாஷை பேசுகிற நாட்டுக்குப் போகிறாய், உனக்கென்ன கவலை என்று என்னை ஊரில் வழியனுப்பினார்கள். அவர்கள் யாரும் இங்கே வந்து ஒரு வாய் பிஸ்கட் கேட்டுப் பார்த்ததில்லை.

டாம்சின் பாலர் பள்ளியில் இருந்தபோது ஒரு நாள் காலைச் சாப்பாட்டைப் பெற்றோரே கொண்டுவர வேண்டும் என்றார்கள். நான் பிஸ்கட் கொண்டுவருகிறேன் என்றேன். நடுவில் ஜாம் வைத்த வெண்ணெய் பிஸ்கட், அழகாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். அங்கே டீச்சர் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொதிக்கக் கொதிக்கப் பன்றிக்கறிக் குழம்பு வைத்துக்கொண்டு என் பிஸ்கட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் என் தட்டைப் பார்த்தார்கள், குழம்பைப் பார்த்தார்கள். ஒருவன் ஜாம் பிஸ்கட்டைக் குழம்பில் முக்கித் தின்றுவிட்டு வாந்தி எடுத்தான். காரில் வரும்போது டாம்சின், "அம்மா, இனிமே குக்கீன்னே சொல்லும்மா" என்றாள். ஐந்து வயசு அவளுக்கு.

நான் சொல்லவில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? அதிலிருந்து அவள் வெளியில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று பழகிக்கொண்டாள். சிநேகிதிகள் வந்தால் குக்கீ. நானும் அவளும் மட்டும் என்றால் பிஸ்கட். அதைக் கேட்டுக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் உள்ளே எரியும்.

போன வசந்தத்தில் ஜேரட் சபோல் என்கிற பையனுக்கு அவளை நிச்சயம் செய்தோம். நல்ல பையன். ஆனால் சபோல் குடும்பம் என்பது குடும்பம் இல்லை, ஒரு திருவிழாக் கூட்டம். ஜேரட்டின் அம்மா பெர்னடீன்தான் அதற்குத் தலைவி. நிச்சயமான மறுநாளே போன் செய்துவிட்டாள்.

"ஏங்க லோர்னா, குக்கீ மேசைக்கு உங்க பக்கத்துல எத்தனை பேர் சுடுறாங்க?"

"நான்."

"நீங்க சரி. இன்னும் யாரு?"

"நான்தான்."

பெர்னடீன் போனிலேயே உச்சுக்கொட்டினாள்.

"அடப் பாவமே" என்றாள். "சரி விடுங்க. எங்க பக்கத்துல பொம்பளைங்களுக்கா பஞ்சம்? உங்க பக்கத்தையும் நாங்களே ரொப்பிடுறோம்."

"ஒண்ணும் வேண்டாம். பொண்ணு வீட்டுத் தட்டை நான் பாத்துக்கறேன்."

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் குக்கீ மேசைதான். கல்யாண கேக் என்று ஒன்று ஒரு மூலையில் நிற்கும், அதை யாரும் மதிப்பதில்லை. மண்டபத்தில் ஒரு சுவர் நீளத்துக்கு மேசைகளைப் போட்டு, இரண்டு வீட்டுப் பெண்களும் மாதக்கணக்கில் சுட்டு, சட்டை வாங்கிய அட்டைப் பெட்டிகளில் மெழுகுத்தாள் விரித்து அடுக்கி, ஃபிரீஸரில் பத்திரப்படுத்திய குக்கீகளைத் தட்டுத் தட்டாகப் பரப்புவார்கள். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் பெயர் எழுதிய ஒரு சின்ன அட்டை. இடது பக்கம் மாப்பிள்ளை வீடு, வலது பக்கம் பெண் வீடு. சுட்டவர்கள் எல்லாரும் யார் தட்டு முதலில் காலியாகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிச்சமான தட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவள் அடுத்த கல்யாணம் வரைக்கும் வாயைத் திறக்க முடியாது.

பெண் வீடு என்று சொல்ல டாம்சினுக்கு யார் இருக்கிறார்கள்? கென்னின் அண்ணன் தம்பிகள் ஓரிகனில். வாழ்த்து அட்டை அனுப்பியதோடு சரி. போல்ட்டனில் இருக்கும் என் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மண்டபத்தில் அத்தனை சபோல்களுக்கு நடுவில், இவள் ஒன்றும் அநாதை இல்லை, இவளுக்கும் ஒரு ஊர் உண்டு, வீடு உண்டு என்று சொல்ல என் தட்டுகள் மட்டும்தான் இருந்தன. அதனால்தான் எங்கள் ஊர்ப் பண்டம் மூன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஃப்ளாப்ஜாக். உள்ளே கருந்திராட்சை வைத்து மடித்துச் சுடும் எக்கிள்ஸ் கேக். இஞ்சியும் கறுப்புப் பாகும் போட்டு மெத்தென்று சுடும் பார்கின். மூன்றும் எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

பாகு வாங்கக் கடைக்குப் போனால் 'வெளிநாட்டு உணவு' என்று எழுதிய அலமாரியில், சோயா சாஸுக்குப் பக்கத்தில் தூசி படிந்த டப்பாவைக் காட்டினார்கள். நான் சிறு வயதில் விரலால் வழித்து நக்கிய பாகு. ஆத்திரத்தில் அங்கே இருந்த அத்தனை டப்பாவையும் வாங்கி வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் பெர்னடீன் வீட்டில் எல்லாரும் கூடினோம். இந்தப் பக்கத்து வீடுகளில் மேலே இருக்கும் அடுப்படி காட்டுவதற்கு, நிலவறையில் இருக்கும் அடுப்படிதான் சமைப்பதற்கு. கீழே இறங்கினால் மாவு வாசனையும் பெண்கள் போடும் இரைச்சலும் தாங்க முடியாது. பெர்னடீன் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய ஓரகத்தி வாண்டா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். டாம்சின் ஒரு மூலையில் குக்கீகளுக்குச் சர்க்கரைப் பொடி தூவிக்கொண்டிருந்தாள்.

நான் ருசி பார்க்கக் கொண்டுபோன டப்பாவைத் திறந்தேன். பெர்னடீன் ஃப்ளாப்ஜாக் ஒன்றை முழுசாக வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க இது! இவ்வளவு நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க? என்ன பேரு?"

"ஃப்ளாப்ஜாக்."

வாண்டா சிரித்துவிட்டாள். "ஃப்ளாப்ஜாக்கா? அது எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமையானா கல்லுல ஊத்துவாரே, அதுல்ல?"

"அது பான்கேக்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எங்க ஊர்ல ஒண்ணு இல்ல."

"நாம இப்ப உங்க ஊர்லயா இருக்கோம், மகாராணி?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேன்.

பெர்னடீன் எக்கிள்ஸ் கேக்கைப் புரட்டிப் பார்த்தாள். "இது?"

"எக்கிள்ஸ் கேக்."

"கேக்கா? கேக்குன்னா பஞ்சு மாதிரி இருக்க வேணாமா? இது திராட்சையைக் கட்டி வச்ச பொட்டலமால்ல இருக்கு. அந்த எக்கிள்ஸ் யாரு?"

"யாரும் இல்ல. அது ஒரு ஊரு."

"பாருங்க லோர்னா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். குக்கீ மேசையில கேக்குன்னு அட்டை வச்சா ஜனம் கொழம்பிடும். பேசாம திராட்சை குக்கீ, ஓட்ஸ் குக்கீ, இஞ்சி குக்கீன்னு எழுதிடுங்க. முடிஞ்சுது ஜோலி."

என் கண் எதிரில் இரண்டு தட்டுகள் இருந்தன. சதுர மாவில் ஜாம் வைத்து மூலைகளை மடித்தது. இரண்டும் ஒரே பண்டம். ஆனால் பெர்னடீன் ஸ்லோவாக்கியக் குடும்பம், அவள் அதைக் கொலாச்கி என்பாள். வாண்டா போலந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள், கொவாச்கி என்பாள். இருபது வருஷச் சண்டை அது. அதனால் ஒரே பண்டத்துக்கு இரண்டு தட்டு, இரண்டு அட்டை.

"அப்ப கொலாச்கின்னு எழுதினா மட்டும் ஜனத்துக்குப் புரிஞ்சிடுமா?" என்றேன்.

"அது எல்லாருக்கும் தெரியுமே!"

"எப்படித் தெரியும்?"

"எப்படின்னா? எல்லாருந்தான் சுடுறோம்."

அவள் சொன்னது உண்மை. அவள் பெயருக்குப் பின்னால் அத்தையும் சித்தியும் ஓரகத்தியுமாக ஒரு படையே நிற்கிறது. என் பெயருக்குப் பின்னால் நான் ஒருத்தி. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் எனக்கு மேலும் எரிச்சல். உண்மையைச் சொன்னால் எங்கள் ஊரிலும் ஒன்றும் ஒழுங்கில்லை. வெறும் ரொட்டி உருண்டையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று என் அப்பாவும் அம்மாவும் சாகிற வரைக்கும் சண்டை போட்டார்கள். அப்பாவின் ஊர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஆள் இருந்தது.

"அதெல்லாம் முடியாது. என் தட்டுல என் பேருதான் இருக்கும்" என்றேன்.

"அம்மா, விடேன்" என்றாள் டாம்சின், தலையை நிமிர்த்தாமல்.

"நீ சும்மா இரு."

பெர்னடீன் இரண்டு கையையும் தூக்கினாள். "சரி சரி. உங்க தட்டு, உங்க பேரு. எனக்கென்ன வந்துச்சு?"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கல்யாண வரவேற்பு தீயணைப்பு நிலையத்து மாடி மண்டபத்தில். காலையிலேயே போய் என் மூன்று தட்டுகளையும் பெண் வீட்டுப் பக்கம் வைத்தேன். மற்ற தட்டுகளுக்கு முன்னால் அவை சின்னதாகத்தான் தெரிந்தன. ஆனால் நெருக்கி நெருக்கி, கோபுரமாக அடுக்கியிருந்தேன். நானே எழுதிய மூன்று அட்டைகளை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சர்ச்சுக்குப் போனேன். டாம்சின் நடந்து வந்தபோது கென் இருக்க வேண்டிய இடத்தில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், விடுங்கள்.

போட்டோ எடுத்து முடிவதற்குள் நான் முன்னாலேயே மண்டபத்துக்கு வந்துவிட்டேன். நேரே தட்டுகளைப் பார்க்கப் போனேன். என் அட்டைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் வளைந்து நெளிந்த அழகெழுத்தில் வேறு மூன்று அட்டைகள். திராட்சை குக்கீ. ஓட்ஸ் குக்கீ. இஞ்சி குக்கீ.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பெர்னடீன் சமையலறை வாசலில் நின்று இறைச்சி வைத்த முட்டைக்கோஸ் சுருள்கள் சூடாக இருக்கின்றனவா என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நின்றேன்.

"உங்க தட்டு, உங்க பேருன்னு வாய் நிறையச் சொன்னீங்களே. சொல்லிட்டு முதுகுக்குப் பின்னால மாத்தி வைக்கிறீங்களா? யாரு குடுத்தா உங்களுக்கு அந்த உரிமையை?"

"எதை மாத்துனேன்?"

"நடிக்காதீங்க. அட்டையை."

"நான் உங்க தட்டுப் பக்கமே போகலை, எங்கம்மா மேல சத்தியமா." அவள் முகம் சிவந்துவிட்டது. "எனக்குப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுவேன். பின்னால போய் அட்டையை மாத்துற பழக்கம் எனக்குக் கிடையாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். ஆனாலும் பெர்னடீன் இல்லையென்றால் வேறு யாரைத் திட்டுவது என்று புரியவில்லை. சுற்றியிருந்த சபோல் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள்.

"அம்மா" என்று பின்னால் குரல் கேட்டது. கல்யாண கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாம்சின் நின்றாள். "அவங்களைத் திட்டாத. அட்டை எழுதற பொண்ணுகிட்ட எழுதச் சொன்னது நான். மாத்தி வைக்கச் சொன்னதும் நான்."

பெர்னடீன் என்னைப் பார்த்தாள். உள்ளே போய், மற்றவர்களையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அவள் செய்த பெரிய உதவி அது.

"ஏன்டி?" என்றேன்.

"அது காலியாகணும்மா. அவ்வளவுதான். இங்க பேரு தெரியாததை ஒருத்தரும் தொட மாட்டாங்க. நான் ஸ்கூல்லேருந்து பாத்துட்டு இருக்கேன். நீ ராப்பகலா சுடுவ. யாரும் எடுக்க மாட்டாங்க. மூடியைப் போட்டு நீயே தூக்கிட்டு வருவ. கார்ல வழி நெடுக ஒரு வார்த்தை பேச மாட்ட. என் கல்யாணத்தன்னிக்கும் நான் அதைப் பாக்கணுமா?"

"அதுக்காக பேரையே மாத்திடுவியா?"

"பேருதானேம்மா. சுட்டது நீதானே."

"உங்கப்பா இல்ல. பெரியம்மா வரல. உன் பக்கத்துல நிக்கிறதுக்கு இந்த மூணு தட்டுதான்டி இருக்கு. அதையும் அவங்க வீட்டுப் பண்டம் மாதிரி ஆக்கிட்டா அப்புறம் நீ எங்கேருந்து வந்த?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுதால் மை கரைந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. "உன் அட்டையை நான் தூக்கிப் போடலை. மேசைத் துணிக்கு அடியில இருக்கு. மாத்திக்கோ. உன் இஷ்டம்."

கவுனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் மேசைத் துணியைத் தூக்கி என் அட்டைகளை எடுத்தேன். ஆமாம், மாற்றித்தான் வைத்தேன். எனக்கும் ரோஷம் இருக்கிறது.

பிறகு விருந்து, பேச்சு, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. தட்டுகளை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்ததும் கூட்டம் குக்கீ மேசையை மொய்த்துக்கொண்டது. துணி காயப்போடும் மரக் கிளிப்பில் சுற்றிச் சுட்டு க்ரீம் அடைத்த சுருள்கள் பறந்தன. இரும்பு அச்சில் வார்த்த பூப்போட்ட வட்டங்கள் பறந்தன. கொலாச்கியும் போயிற்று, கொவாச்கியும் போயிற்று. என் தட்டுக்கு வருவார்கள். குனிந்து அட்டையைப் படிப்பார்கள். நிமிர்ந்து அடுத்த தட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஒரு ஆள் என்னிடமே வந்து கேட்டார். "ஃப்ளாப்ஜாக்னு போட்டிருக்கே, மேல ஊத்திக்க சிரப் எங்கங்க வச்சிருக்கீங்க?"

"பாகு உள்ளயே இருக்கு."

"உள்ளயா?" என்று அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டார்.

இன்னொரு அம்மாள் எக்கிள்ஸ் கேக்கை எடுக்கக் கையை நீட்டிய பெண்ணைத் தடுத்தாள். "இரு இரு, கேக்குன்னு எழுதியிருக்கு பாரு. இது கேக் வெட்டும்போது குடுக்கறதுக்கு. இப்ப எடுத்தா நல்லாருக்காது." அவள் மரியாதை தெரிந்தவள். அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும் போல இருந்தது எனக்கு. பார்கின் தட்டுக்கு முன்னால் இரண்டு பேர் நின்று, இது ஏதோ வியாதியின் பெயர் மாதிரி இருக்கிறதே என்று பேசிக்கொண்டார்கள்.

நான் தூணோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வாய் தின்று பாருங்களேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் மணமக்கள் மேசை. டாம்சின் யாருக்கோ கை கொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே ஒரு தடவை குக்கீ மேசைப் பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பாதி காலி. வலது பக்கம் மூன்று கோபுரம் அப்படியே நின்றது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் குழம்புப் பாத்திரத்தைப் பார்த்து நின்ற ஐந்து வயசுக் குழந்தையின் முகம்தான் அது. அவளைப் பார்த்தபோது, இந்த நிறைந்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே போவதைப் பார்த்துவிட்டுத்தான் இவள் புருஷனோடு புறப்படப்போகிறாள் என்பது எனக்கு உறைத்தது.

மேசைக்குப் பின்னால் போனேன். என் மூன்று அட்டைகளையும் குப்புறக் கவிழ்த்தேன்.

முதலில் வந்தவர் ஜேரட்டின் பெரிய தாத்தா முறை. ஸ்டூஷ் என்று எல்லாரும் கூப்பிடுவார்கள். கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு ஃப்ளாப்ஜாக்கைச் சுட்டிக் காட்டினார். "அது என்னம்மா?"

முப்பது வருஷமாக வராத வார்த்தை எப்படி வரும்? "அது வந்து... ஓட்ஸ் குக்கீ."

"குக்கீயா? அப்ப குடு." வாயில் போட்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல? ஏய், இங்க வாங்கடா! இங்கிலாந்து குக்கீடா!"

வந்தார்கள். நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை. "திராட்சை குக்கீ, எடுத்துக்குங்க. இஞ்சி குக்கீ, பல்லுக்கு மெதுவா இருக்கும், பெரியவங்களும் சாப்பிடலாம். ஓட்ஸ் குக்கீ, இன்னொண்ணு எடுத்துக்குங்க." மருந்துக்கடையில் சளி மருந்து விற்கிற மாதிரி விற்றேன். வீட்டுக்குக் கொண்டுபோகும் அட்டைப் பெட்டிகளை நீட்டினார்கள், ரொப்பிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே பண்டம், இதே கை. ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் பட்டினி போட்டீர்களே என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே சிரித்தேன். சொல்லச் சொல்ல நாக்குக்குப் பழகிவிட்டது. கடைசியில் யோசிக்காமலே வந்தது.

வாண்டா வந்து திராட்சை குக்கீ செய்முறை கேட்டாள். பெர்னடீன் வந்து நான் அவளைத் திட்டியதை மறந்தவள் மாதிரி என் தோளில் கையைப் போட்டாள்.

"பொண்ணு வீட்டுத் தட்டுதான் முதல்ல காலி. எங்க பக்கத்துல இன்னும் கிடக்கு பாருங்க. நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? எல்லாம் பேருதான்."

"உங்களை ஏசினதுக்கு மன்னிச்சிடுங்க, பெர்னடீன்."

"அட போங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல அடிதடியே நடந்திருக்கு."

பாட்டு மாறியது. கூட்டம் ஆடப் போய்விட்டது. மேசையோரம் நானும் என் காலித் தட்டுகளும்தான். கால் கடுத்தது. தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

டாம்சின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். தலையில் செருகிய பூ சரிந்திருந்தது. அவள் காலியான தட்டுகளைப் பார்த்தாள், கவிழ்ந்து கிடந்த அட்டைகளைப் பார்த்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"காலைலேருந்து ஒரு வாய் சாப்பிடலைம்மா" என்றாள் என் தோளிலேயே. "யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கு எக்கிள்ஸ் கேக் ஒண்ணு எடுத்து வச்சியா?"

"திராட்சை குக்கீயா? அது அப்பவே தீந்து போச்சே, கண்ணு" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே கேட்டது.

"நான் எக்கிள்ஸ் கேக்தாம்மா கேட்டேன்" என்றாள், மெதுவாக.

அடுக்கிய தட்டுகளைத் திரும்பப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை.